கணினியில் ஐயம் எழுந்தால் முதலில் துண்டிக்க வேண்டியது இணைப்பை

செம்பூரில் வசிக்கும் நம் வாடிக்கையாளர் ஒருவர், பணி ஓய்வு பெற்ற ஆசிரியை, ஒரு வெள்ளிக்கிழமை முற்பகலில் கிளைக்குத் தொலைபேசியில் அழைத்தார். வீட்டுக் கணினியில் நெட் பேங்கிங் பக்கத்தைத் திறந்தபோது, வழக்கமாக இல்லாத ஒரு கட்டம் தோன்றி டெபிட் கார்டு எண்ணையும் ஏடிஎம் பின் எண்ணையும் கேட்டதாகக் கூறினார். எதையும் நிரப்பாமல் பக்கத்தை மூடிவிட்டாராம். "நல்லது அம்மா, கடவுச்சொல்லை உடனே மாற்றிவிடுங்கள்" என்று கிளை அதிகாரி அறிவுறுத்தினார். அம்மையாரும் தாமதமின்றி மாற்றினார், அதே கணினியில். அன்று மாலைக்குள் இரண்டு பரிமாற்றங்களில் 48,000 ரூபாய் கணக்கை விட்டு வெளியேறியது. அந்த அறிவுரையைக் கூறிய அதிகாரி இக்கட்டுரையை எழுதுபவனே.

அறிவுரை தவறன்று, பாதியோடு நின்றுவிட்டது. எந்தக் கருவியிலிருந்து மாற்றப் போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. திருடன் வீட்டுக்குள் நிற்கும்போதே அவன் கண்ணெதிரில் பூட்டை மாற்றியது போலாயிற்று. வைரஸ் புகுந்ததாக ஐயம் எழும் நேரத்தில் என்னென்ன செய்ய வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். எதை முதலில் செய்வது, எதை எந்தக் கருவியில் செய்வது என்பதில்தான் இழப்பு நேர்கிறது.

நாம் பொதுவாக வைரஸ் என்று அழைக்கும் தீய மென்பொருள்கள் பலவகை. வங்கிக் கணக்கைக் குறிவைப்பவை பெரும்பாலும் கணினியைக் கெடுப்பதில்லை. அது நன்றாக ஓடிக்கொண்டிருப்பதே அவற்றுக்கு ஆதாயம். சில, நாம் தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் பதிந்து வெளியே அனுப்புகின்றன. சில, உண்மையான வங்கிப் பக்கத்தின்மேல் தம் சொந்தக் கட்டத்தை ஒட்டிக் காட்டுகின்றன. ஆசிரியை கண்டது இதைத்தான். முகவரி சரியாக இருந்தும் பக்கம் மாறியிருந்ததற்குக் காரணமும் இதுவே. வேறு சில, பிரவுசரில் நாம் சேமித்து வைத்த கடவுச்சொற்களை மொத்தமாக அள்ளிச் செல்கின்றன.

அப்படியானால் ஓடிபி என்னவாயிற்று என்று வாசகர்கள் கேட்கலாம். கடவுச்சொல் கணினியிலும் ஓடிபி கைப்பேசியிலும் இருக்கும்வரை அவை இரண்டு பூட்டுகள். ஆசிரியை, கைப்பேசியின் குறுஞ்செய்திகளைக் கணினித் திரையிலேயே படிக்கும் வசதியைச் செய்து வைத்திருந்தார். எழுத்துகள் பெரிதாகத் தெரியும் என்பதற்காக அவர் மகன் அமைத்துத் தந்தது அது. இரண்டு சாவிகளும் ஒரே வளையத்தில் மாட்டப்பட்டுவிட்டன. இதே ஏற்பாட்டைப் பல வீடுகளில் நான் காண்கிறேன். கணினியில் நெட் பேங்கிங் செய்வோர் அதை நீக்கிவிடுவதே நலம்.

இணைப்பைத் துண்டிப்பதன் மதிப்பை உணர, மும்பையையே தொட்டுச் சென்ற ஒரு நிகழ்ச்சியை நினைவுகூரலாம். 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்று பின்னர் பெயர்பெற்ற தீய மென்பொருள் உலகெங்கும் பரவியது. உக்ரைன் நிறுவனங்கள் வரிக் கணக்குத் தாக்கல் செய்யப் பயன்படுத்திய ஒரு கணக்கியல் மென்பொருளின் புதுப்பிப்பு வழியாக அது புகுந்தது. கணக்குப் புத்தகத்தோடு வாழும் எங்களைப் போன்றோருக்கு இது சற்றுக் கூடுதலாகவே உறுத்தும். அது டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் வலைப்பின்னலுக்குள் நுழைந்தது. அக்குழுமத்தின் பொறுப்பில், நவாசேவாவிலுள்ள ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் இயங்கிய கேட்வே டெர்மினல்ஸ் இந்தியா முனையம் முடங்கியது. தாராவியின் தோல் பைகளும் ஆயத்த ஆடைகளும் வெளிநாடு செல்லும் துறைமுகம் அது. எந்தக் கொள்கலன் யாருடையது, எங்கே நிற்கிறது என்று சொல்லக் கணினி இல்லாத நிலையில் சரக்குகள் தேங்கின.

அந்த மென்பொருள் பரவிய விதம் நம் பொருளுக்கு நெருக்கமானது. விண்டோஸின் ஓர் ஓட்டையை அது பயன்படுத்தியது. அந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் அவ்வாண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. ஆயினும் புதுப்பித்த கணினிகளும் வீழ்ந்தன. ஏனெனில் ஒரு கணினியின் நினைவகத்தில் தங்கியிருந்த கடவுச்சொற்களைத் திருடி, அவற்றைக் கொண்டே அது அடுத்த கணினியைத் திறந்தது.

மெர்ஸ்க் நிறுவனத்தில் யார் எந்தக் கணினிக்குள் நுழையலாம் என்ற பதிவேட்டை வைத்திருந்த சர்வர்கள் உலகெங்கும் ஏறத்தாழ 150 இருந்தன. ஒன்று கெட்டால் மற்றொன்று கைகொடுக்கும் என்ற எண்ணத்தில், எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைத்து வைத்திருந்தனர். அதனாலேயே எல்லாம் சேர்ந்து அழிந்தன. ஒன்றைத் தவிர. ஆப்பிரிக்காவின் கானா நாட்டு அலுவலகத்தில் தாக்குதலுக்குச் சற்று முன்பு மின்சாரம் தடைப்பட்டது. அங்கிருந்த சர்வர் வலைப்பின்னலிலிருந்து அறுபட்டுக் கிடந்ததால் பிழைத்தது. அதன் தரவை இணையம் வழியே அனுப்ப நாள்கணக்காகும் என்பதால் கையிலேயே எடுத்துச் செல்ல முடிவு செய்தனர். கானா ஊழியரிடம் பிரிட்டன் விசா இல்லை. எனவே அவர் நைஜீரியா வரை பறந்து, ஹார்ட் டிஸ்க்கை வேறோர் ஊழியரிடம் ஒப்படைக்க, அவர் இலண்டனுக்குக் கொண்டு சேர்த்தார். 45,000 கணினிகளையும் 4,000 சர்வர்களையும் பத்தே நாளில் மீண்டும் நிறுவியதாக அதன் தலைவர் பின்னர் தெரிவித்தார். நாம் அன்றாடம் சலித்துக்கொள்ளும் மின்வெட்டு உலகின் மிகப்பெரிய கப்பல் நிறுவனங்களில் ஒன்றைக் காத்தது.

வீட்டில் நாம் மின்வெட்டுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அறிமுகமில்லாத கட்டம் தோன்றினாலோ, அம்புக்குறி தானாக நகர்ந்தாலோ, ஆன்டிவைரஸ் தானாக அணைந்து கிடந்தாலோ, பிரவுசரில் நீங்கள் நிறுவாத பட்டை ஒன்று முளைத்தாலோ, ஆராய்ச்சியில் இறங்கும் முன் இணைய இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். கம்பியைக் கழற்றலாம், வைஃபையை அணைக்கலாம், ஒன்றும் புரியாவிடில் ரௌட்டரின் மின்சுவிட்சையே அணைத்துவிடலாம். திருடப்பட்ட எழுத்துகள் வெளியே செல்லும் வழி அதனால் அடைபடும். கணினி மெதுவாக ஓடுவது மட்டும் பெரிய அடையாளமன்று. பழைய கணினி மெதுவாகத்தான் ஓடும்.

அடுத்து, வேறொரு கருவியைக் கையில் எடுங்கள். உங்கள் கைப்பேசியில் அதன் சொந்த மொபைல் டேட்டாவைக் கொண்டோ, நம்பகமான உறவினரின் கருவியிலிருந்தோ நெட் பேங்கிங் கடவுச்சொல்லை மாற்றுங்கள். அதற்கும் முன்னதாக மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. மற்றக் கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பு மின்னஞ்சலுக்கே வருகிறது. அது திருடன் கையில் இருந்தால் மற்ற மாற்றங்கள் பயனற்றவை. மாற்றும்போது "எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு" என்ற தெரிவையும் அழுத்த வேண்டும். சில தீய மென்பொருள்கள் கடவுச்சொல்லைத் தேடுவதேயில்லை. ஏற்கெனவே உள்நுழைந்திருக்கும் நிலையையே நகலெடுத்துச் செல்கின்றன.

அதன்பின் கணக்கைப் பாருங்கள். மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட யூனியன் வங்கியில் 2016 ஜூலையில் நடந்தது செய்தித்தாள்களில் வெளிவந்த ஒன்று. ரிசர்வ் வங்கியிலிருந்து வந்தது போன்ற மின்னஞ்சலின் இணைப்பை ஓர் ஊழியர் திறக்க, புகுந்த மென்பொருள் வழியே ஏறத்தாழ 17 கோடி டாலர் வெளிநாட்டுக் கணக்குகளுக்கு அனுப்பப்பட்டது. அதை வெளிப்படுத்தியது அன்றாடக் கணக்குச் சரிபார்ப்பு. வெளிநாட்டு வங்கியிலிருந்த இருப்பு இங்கிருந்த ஏட்டோடு ஒத்துப்போகாததைக் கண்டு உடனே இயங்கியதால் முழுத்தொகையும் மீட்கப்பட்டது. வணிகவியல் வகுப்பில் எங்களைக் கொட்டாவி விடச் செய்த பாடம் அது.

பணம் வெளியேறியிருந்தால் மூன்று இடங்களில் தெரிவிக்க வேண்டும்: வங்கியின் 24 மணி நேர எண், தேசிய உதவி எண் 1930, சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளம். பணம் பல கணக்குகளுக்குள் தாவும் முன் அதை நிறுத்தி வைக்கவே 1930 ஏற்படுத்தப்பட்டது. முதல் ஒரு மணி நேரத்தின் அழைப்புக்கும் மறுநாள் அழைப்புக்கும் பெரும் வேறுபாடு உண்டு.

இழப்பை யார் ஏற்பது என்பதிலும் காலம் கணக்கிடப்படுகிறது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வங்கியிடமோ வாடிக்கையாளரிடமோ குறையின்றி வேறெங்கோ நேர்ந்த மீறலால் பணம் போயிருந்து, வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால், வாடிக்கையாளருக்குப் பொறுப்பு ஏதுமில்லை. நான்கு முதல் ஏழு வேலை நாள்களுக்குள் தெரிவித்தால், சாதாரண சேமிப்புக் கணக்கில் அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை அவர் ஏற்க நேரிடும். அதற்கு மேலும் தாமதித்தால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி முடிவாகும். கடவுச்சொல்லையோ ஓடிபியையோ வாடிக்கையாளரே பிறரிடம் கூறியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு முழுதும் அவருடையது. தெரிவித்த பிறகு நேர்வது வங்கியுடையது. தெரிவித்த பத்து வேலை நாள்களுக்குள் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும்; வாடிக்கையாளரே பொறுப்பு என்றால் அதை மெய்ப்பிக்கும் கடமை வங்கியினுடையது. குறுஞ்செய்தி அறிவிப்பைப் பதிவு செய்யாதவருக்கு இந்த நாள்கணக்கே சிக்கலாகிவிடும். மாட்டுங்கா கிளையில் பணியாற்றியபோது, பழைய கைப்பேசி எண்ணையே ஆண்டுக்கணக்கில் விட்டுவைத்த மூத்த வாடிக்கையாளர்களை நிறையச் சந்தித்திருக்கிறேன்.

கணினியைத் துப்புரவு செய்வது இவற்றுக்குப் பிறகுதான். பணம் போயிருந்தால் அவசரப்பட்டு அனைத்தையும் அழித்துவிடாதீர்கள். திரையில் தோன்றியதைக் கைப்பேசியில் படமெடுத்து, புகாரைப் பதிவு செய்து, காவல்துறைக்குக் கணினி தேவையா எனக் கேட்டறிந்த பிறகு கைவையுங்கள். விண்டோஸ் கணினியில் உள்ள மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரில் "ஆஃப்லைன் ஸ்கேன்" என்றொரு தெரிவு உண்டு. அது கணினியை மறுதொடக்கம் செய்து, விண்டோஸ் முழுமையாக எழும் முன்பே தேடுவதால், விழித்தபின் ஒளிந்துகொள்ளும் மென்பொருளும் சிக்க வாய்ப்புள்ளது. இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2017 பிப்ரவரியில் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா, இலவசத் துப்புரவு மென்பொருள்களுக்கு வழிகாட்டுகிறது. தள முகவரி சிஎஸ்கே டாட் கவ் டாட் இன். சென்னைக் கிரிக்கெட் அணியின் பெயர்ச்சுருக்கமே என்பதால் நம்மவர்க்கு மறக்காது. அத்தளத்தைப் பரிந்துரைக்கும் குறுஞ்செய்தி உங்களுக்கும் வந்திருக்கலாம். குறுஞ்செய்தியிலுள்ள இணைப்பைத் தொடாமல், முகவரியை நீங்களே தட்டிச் செல்லுங்கள். அப்போது செய்தி உண்மையா போலியா என்ற ஆராய்ச்சிக்கே இடமில்லை. விண்டோஸ் 10 பதிப்புக்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதையும் கருத்தில் கொள்ளவும்.

"உங்கள் கணினியில் வைரஸ் உள்ளது, இந்த எண்ணை அழையுங்கள்" என்று அலறும் திரை முற்றிலும் வேறு விவகாரம். அங்கே வைரஸே இல்லாதிருக்கலாம். அழைத்தபின் எதிர்முனையில் இருப்பவர், எனிடெஸ்க் போன்ற தொலைவிலிருந்து இயக்கும் செயலியை நிறுவச் சொல்லி உள்ளே வருவார். இத்தகைய செயலிகள் குறித்து 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்தது. எந்த வங்கியும், நம் வங்கி உட்பட, வாடிக்கையாளரின் கணினியைத் துப்புரவு செய்து தர முன்வருவதில்லை.

ஆசிரியை, குறுஞ்செய்தியைக் கண்ட நாற்பது நிமிடங்களுக்குள் மீண்டும் அழைத்தார். கணக்கை முடக்கினோம், 1930இல் பதிவானது, திங்களன்று கிளைக்கு நேரில் வந்து எழுத்து மூலம் புகார் அளித்தார். கட்டத்தில் எதையும் நிரப்பவில்லை என்பதும், அன்று முற்பகலே அழைத்துக் கேட்டார் என்பதும் எங்கள் பதிவேட்டிலேயே இருந்தன. பத்து வேலை நாள்களுக்குள் தொகை தற்காலிக வரவாயிற்று. விசாரணைக்குப் பின் அதுவே நிலைத்தது. வைரஸ் வந்த வழி, மகன் எங்கிருந்தோ இலவசமாக இறக்கி நிறுவிய ஓர் அலுவலக மென்பொருள். ஸ்கேன் செய்தும் ஐயம் தீராததால், விண்டோஸை முழுதாக அழித்து மீண்டும் நிறுவ வேண்டியதாயிற்று. முப்பதாண்டு ஆசிரியப் பணியின் வினாத்தாள்களும் பேரனின் புகைப்படங்களும் அலமாரியில் வைத்திருந்த தனி ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. கணினியில் நிரந்தரமாகச் செருகி வைக்காததால் அவை தப்பின.