பிளாக் பாக்ஸ் கிடைச்சாச்சு, அப்புறம் என்ன? விமானம் விழுந்த இடத்தை எப்படிப் படிக்கிறாங்க

2025 ஜூன்ல அகமதாபாத் விபத்து நடந்தப்போ, நம்ம வாட்ஸ்அப் குரூப் எல்லாத்துலயும் ஓடின ஒரே கேள்வி, “பிளாக் பாக்ஸ் கிடைச்சுதா?” நியாயமான கேள்விதான். ஆனா அது கிடைச்ச பிறகும் விசாரணைக் குழு ஏன் நாள் கணக்குல அந்த மண்ணுலயே நிக்குது? இன்னைக்கு எபிசோட் அதைப் பத்தித்தான்.

சுருக்கமா சொன்னா, இந்த நொடியில இன்ஜின் நின்னுடுச்சுன்னு பிளாக் பாக்ஸ் சொல்லும். அது ஏன் நின்னுச்சுன்னு கேட்டா, பெரும்பாலும் உலோகத்தைத்தான் கேட்கணும்.

முதல்ல மீட்புப் பணி. உயிரோட யாராவது இருக்காங்களான்னு பார்க்கிறதுக்கு முன்னாடி தடயத்துக்கு இடமே இல்ல. தீயணைப்பு வீரர்கள் கதவை அறுப்பாங்க, தண்ணி அடிப்பாங்க, பாகங்களை நகர்த்துவாங்க. அதனால யார் எதை எங்கிருந்து நகர்த்தினாங்கன்னு அவங்க கிட்ட கேட்டு எழுதிக்கிறதே விசாரணையோட ஒரு பகுதி. அந்த இடமும் ஆபத்தானது. வெடிக்காத டயர், ஆக்ஸிஜன் சிலிண்டர், எரிஞ்ச கார்பன் ஃபைபர் தூசு எல்லாம் இருக்கும். படத்துல வர்ற மாதிரி கோட் சூட்ல யாரும் நடந்து வர மாட்டாங்க. மாஸ்க், கையுறை, முழு உடல் கவசம்தான்.

அப்புறம் நாலு மூலையைத் தேடுவாங்க. மூக்கு, வால், ரெண்டு இறக்கை முனை. நாலும் ஒரே இடத்துல கிடந்தா, தரையில மோதுற வரைக்கும் விமானம் முழுசா இருந்திருக்குன்னு அர்த்தம். ஒண்ணு குறைஞ்சா, வந்த வழியிலயே பின்னாடி போகணும். முதல்ல உடைஞ்சது முதல்ல விழுந்திருக்கும், இல்லையா? கேமரா எல்லாம் அந்தப் பெரிய குவியலைக் காட்டிட்டு இருக்கும்போது, பதில் எங்கேயோ யாரோ ஒருத்தர் வயல்ல கிடக்கலாம்.

எதையும் தூக்குறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து, ட்ரோன் பறக்கவிட்டு, ஒவ்வொரு பாகத்தோட இடத்தையும் குறிப்பாங்க. மரக்கிளை எந்தக் கோணத்துல வெட்டுப்பட்டிருக்கு, மண்ணுல பள்ளம் எவ்வளவு நீளம்னு அளந்தா, விமானம் எந்தச் சாய்வுல வந்துச்சுன்னு தெரியும். எனக்கு ரொம்பப் பிடிச்சது காக்பிட் எச்சரிக்கை பல்பு. பழைய விமானங்கள்ல இழை பல்புகள் இருந்துச்சு. எரிஞ்சுட்டு இருந்த பல்போட இழை சூட்டுல இளகி இருக்கும், மோதும்போது இழுபட்டு நீளும். அணைஞ்சு இருந்தா பட்டுன்னு உடையும். அதை வச்சே எந்த எச்சரிக்கை கடைசி நொடியில எரிஞ்சுதுன்னு சொல்லுவாங்க.

இன்னொரு விதி. உடைஞ்ச ரெண்டு துண்டு கிடைச்சா, பொருந்துதான்னு சேர்த்துப் பார்க்கவே கூடாது. நம்ம கை தானா அதைத்தான் செய்யும். ஆனா உடைஞ்ச முகம் உரசினா அதுல இருக்கிற தடயம் அழிஞ்சுடும். அது எவ்வளவு பெரிய இழப்புன்னு புரிய 1989க்குப் போகணும்.

ஜூலை 19. யுனைடெட் 232, டிசி-10 விமானம், டென்வர்ல இருந்து சிகாகோ. 37,000 அடி உயரத்துல வால்ல இருந்த இன்ஜின் வெடிச்சது. சிதறின துண்டுகளால மூணு ஹைட்ராலிக் சிஸ்டமும் போச்சு. விமானத்தைத் திருப்பவோ ஏத்தி இறக்கவோ வழியே இல்ல. மிச்சம் இருந்த ரெண்டு இன்ஜினோட வேகத்தைக் கூட்டிக் குறைச்சே, 44 நிமிஷம் போராடி அயோவாவுல சூ சிட்டி ஏர்போர்ட்டுக்குக் கொண்டு வந்தாங்க. தரையைத் தொட்டதும் விமானம் உடைஞ்சு சிதறிடுச்சு. இருந்த 296 பேர்ல 112 பேர் இறந்தாங்க, 184 பேர் பிழைச்சாங்க.

ரன்வே பக்கத்துல வால் இன்ஜின் கிடைச்சது. ஆனா அதோட முன்பக்க ஃபேன் டிஸ்க் மட்டும் இல்ல. டைட்டானியத்துல செஞ்ச, சுமார் 168 கிலோ எடையுள்ள சக்கரம் அது. விமானம் போன பாதை, உயரம், வேகம், காத்து எல்லாத்தையும் வச்சுக் கணக்குப் போட்டாங்க. ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தள்ளி, ஆல்ட்டாங்கிற ஊர்ப் பக்கம். அங்க பார்த்தா ஆளுயரத்துக்கு மக்காச்சோளம். இன்ஜின் தயாரிச்ச ஜிஇ நிறுவனம் பரிசுகூட அறிவிச்சது. வாரங்கள் ஓடுச்சு. அதே உலோக வார்ப்புல செஞ்ச வேற டிஸ்குகளும் இருந்துச்சுங்கிறதை மறந்துடாதீங்க.

அக்டோபர்ல, அறுவடை செஞ்சுட்டு இருந்த ஒரு விவசாயி வயல்லதான் அது கிடைச்சது. கிட்டத்தட்ட மூணு மாசம் கழிச்சு!

மைக்ராஸ்கோப்ல வச்சுப் பார்த்தா, உடைஞ்ச முகம் மர வளையம் மாதிரி. ஒவ்வொரு முறை விமானம் கிளம்பும்போதும் விரிசல் ஒரு மயிரிழை வளர்ந்திருக்கு, ஒரு கோடு விழுந்திருக்கு. அந்தக் கோடுகளோட எண்ணிக்கை, டிஸ்க் மொத்தமா பார்த்த 15,503 பயணத்தோட ஏறக்குறைய ஒத்துப்போச்சு. அதாவது முதல் நாள்ல இருந்தே விரிசல் வளர்ந்துட்டு இருந்திருக்கு. தொடங்கின புள்ளியில, 1971ல டைட்டானியத்தை உருக்கி வார்த்தப்போவே உள்ள தங்கிப்போன நைட்ரஜன் கலந்த ஒரு கடினமான குறை.

இதுல எனக்கு மனசு தாங்காத இடம் ஒண்ணு உண்டு. விரிசலோட ஒரு பகுதியில நிறம் மாறி இருந்துச்சு. பராமரிப்புல பரிசோதனைக்கு முன்னாடி கழுவுற ரசாயனம் உள்ள போன அடையாளம். அப்படின்னா 1988 ஏப்ரல்ல, விபத்துக்கு 760 பயணம் முன்னாடி, ஒளிரும் திரவம் பூசி அந்த டிஸ்கைச் சோதிச்சப்போ விரிசல் அங்கதான் இருந்திருக்கு. கிட்டத்தட்ட அரை அங்குலம். யார் கண்ணுலயும் படல. பரிசோதனையில மனுஷங்க தவறவிடுறதுக்கான வாய்ப்பைப் போதுமான அளவு கணக்குல எடுக்கலன்னு அமெரிக்க விசாரணை அமைப்பான என்டிஎஸ்பி 1990ல எழுதினது இதை வச்சுத்தான்.

இன்ஜின் பாகங்களைச் சோதிக்கிற முறைகளை அதுக்கப்புறம் கடுமையாக்கினாங்க. எல்லா ஹைட்ராலிக் திரவமும் ஒரேயடியா வெளியேறாம இருக்க டிசி-10ல அடைப்பு வால்வு வந்துச்சு. டைட்டானியத்தை ரெண்டு தடவைக்குப் பதிலா மூணு தடவை வெற்றிடத்துல உருக்குற முறை மட்டும் புதுசு இல்ல. அதை ஜிஇ 1972லயே கொண்டு வந்துட்டாங்க, இந்த டிஸ்குக்கு ஒரு வருஷம் பிந்தி.