ரயிலை எண்ணிய பட்டதாரிகள்

எண்ணினார்கள்! புதுடெல்லி ரயில் நிலையத்தின் நடைமேடைகளில் நின்று, வருகிற வண்டி எத்தனை, போகிற வண்டி எத்தனை, பெட்டிகள் எத்தனை என்று நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், ஏறத்தாழ ஒரு மாதம் எண்ணினார்கள். எண்ணியவர்கள் தமிழ்நாட்டு இளைஞர்கள், 28 பேர். பொறியியல் படித்தவர்களும் அவர்களில் உண்டு. ஆண்டு 2022. டிக்கெட் பரிசோதகர் வேலைக்கு இதுதான் பயிற்சி என்று அவர்களிடம் சொல்லப்பட்டது!

இதற்காக அவர்கள் கொடுத்தது தலைக்கு 2 லட்சம் முதல் 24 லட்சம் வரை. மொத்தம் 2 கோடியே 67 லட்சம் ரூபாய் பறிபோனதாக டெல்லி போலீசில் புகார் பதிவாயிற்று.

படித்தவர்கள் இப்படியா ஏமாறுவார்கள் என்று சிரித்துவிடாதீர்கள், தோழர்களே! மருத்துவப் பரிசோதனைக்கு அவர்களை அழைத்துச் சென்றது உண்மையான ரயில்வே ஆஸ்பத்திரிக்கு. நடைமேடை உண்மை, வண்டி உண்மை, வேலை மட்டுமே பொய்! உடன் அழைத்துப் போன முன்னாள் படைவீரரும், தாமும் ஏமாந்ததாகவே சொன்னார். ஆகவே, கட்டடத்தைக் கண்டோம், முத்திரையைக் கண்டோம், தெரிந்த பெரியவர் சொன்னார் என்பதெல்லாம் சாட்சி ஆகாது.

அதே 2022-இல், தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன தமிழ் இளைஞர்கள் மியான்மரின் மியாவாடியில் அடைபட்டு, இணைய மோசடி செய்யும்படி வதைக்கப்பட்டார்கள். அக்டோபரில் 13 பேர் மீண்டு சென்னை வந்தார்கள்.

எங்கோ நடந்த கதை என்று மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் அறை எடுத்துத் தங்கி வேலை தேடும் தம்பிமார் எண்ண வேண்டாம். மின்சார ரயிலில் ஒட்டியிருக்கும் துண்டுத்தாளாக, கைப்பேசியில் வரும் குறுஞ்செய்தியாக, அதே வலைதான் இங்கும் விரிக்கப்படுகிறது.

வலையை அறிவது எப்படி? உழைப்பவனுக்கு இதைவிடத் தெளிவாகத் தெரிந்தது வேறில்லை. வேலை செய்தவன் கூலி வாங்குவான். வேலைக்குச் சேருமுன்பே உன்னிடம் 'டெபாசிட்', 'பயிற்சிக் கட்டணம்' என்று கூலி கேட்பவன் முதலாளியும் அல்லன், அதிகாரியும் அல்லன், திருடன்!

ரயில்வே வேலையா? தேர்வு வாரியம் அறிவிக்கும், தேர்வு வைக்கும், பட்டியல் வெளியிடும். அந்த வாசலைத் தவிரப் பின்வாசல் கிடையாது. வெளிநாட்டு வேலையா? 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்ற முகவர்தானா என்று பார். சுற்றுலா விசாவில் போ, வேலை அங்கே காத்திருக்கிறது என்றால், போகாதே. தனியார் கம்பெனியா? கடிதத்தில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, கம்பெனியின் அலுவலகத்துக்கே நேரில் சென்று கேள்.

ஏமாந்துவிட்டால்? அன்றைக்கே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பணம் கைமாறிக் கைமாறி மறையுமுன் தடுக்க வழியுண்டு. ஆனால், நிலத்தை விற்றுக் கொடுத்த தகப்பனிடம் எப்படிச் சொல்வது என்று வெட்கப்பட்டு வாய்மூடுகிறான் பிள்ளை. அந்த மௌனம்தான் மோசக்காரனின் மூலதனம்.

தோழர்களே! உங்கள் தெருவில் வேலை தேடும் பிள்ளை ஒருவனாவது இருப்பான். இன்று மாலை டீக்கடையில் அவனை அருகே அழைத்து உட்காரவைத்து, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "யாராவது பணம் கேட்டார்களா, தம்பி?"