வீட்டுக்குப் பணம் அனுப்பியும் அந்நியமாகிப் போனவன்

இந்த எபிசோட்ல நாம பேசப்போறது நார்வே எழுத்தாளர் நட் ஹாம்சன் 1927-ல் எழுதிய ஒரு நாவல். இங்கிலீஷ்ல 'வேஃபேரர்ஸ்'னு கிடைக்குது. ஊர் ஊரா அலையறவங்கன்னு அர்த்தம். ஹாம்சன் யாருன்னா, க.நா.சு. தமிழில் கொண்டுவந்த 'நிலவளம்' நாவலை எழுதியவர். அதுல ஒருத்தன் காட்டைத் திருத்தி வேர் விடுவான். இதுல ஒருத்தனோட வேர் ஒவ்வொண்ணா அறுந்துபோகும்.

கதை நடப்பது 19-ஆம் நூற்றாண்டில், வட நார்வேயில் பூல்டன் என்ற சின்ன கடலோர ஊரில். கொஞ்சம் நிலம், குளிர்காலத்தில் லோஃபோட்டன் பக்கம் மீன்பிடிப்பு, அவ்வளவுதான் பிழைப்பு. அங்கே பிறந்தவன் எடவார்ட். அவனுக்கு ஆகஸ்ட் என்ற கூட்டாளி கிடைக்கிறான். அப்பா அம்மா இல்லாதவன், உலகம் சுத்தின மாலுமி, வாயைத் திறந்தா கதை. அவனோட சேர்ந்து எடவார்ட் வியாபாரம், படகுன்னு கிளம்பிடறான்.

இங்கே ஒண்ணு கவனிங்க. எடவார்ட் வீட்டோட சண்டை போட்டுட்டுப் போகலை. சம்பாதிச்சதை வீட்டுக்குக் கொடுக்கிறான். ஊர்லயே ஒரு கடைகூடப் போடறான். ஆனா ஒவ்வொரு தடவை திரும்பி வரும்போதும் வீட்டுக்காரங்களுக்கும் அவனுக்கும் நடுவுல இடைவெளி கூடிக்கிட்டே போகுது. தம்பி யோவாக்கிம் கடல்பாசியை அள்ளிட்டு வந்து வயலுக்கு உரமாப் போடறான். அந்த வேலையில் அண்ணனுக்கு மனசு ஒட்டவே இல்லை.

ஆகஸ்டுக்கு இந்த வலி இல்லை. இழக்கறதுக்கு அவனுக்கு வீடே கிடையாதே! எடவார்டுக்கு வீடு இருக்கு, போனா சோறும் இருக்கு. தங்கத்தான் முடியலை. அவன் காதலிக்கிற லோவிசே மார்கிரேத்தே அமெரிக்கா போய்த் திரும்பி வர்றா, அவளாலும் பழையபடி ஒட்ட முடியலை. கடைசியில் எடவார்டும் அவள் பின்னாலேயே கப்பல் ஏறிடறான்.

இது கற்பனைக் கதை மட்டும் இல்லை. 1825-லிருந்து நூறு வருஷத்தில் 8 லட்சம் பேருக்கும் மேல் நார்வேயை விட்டுப் போயிருக்காங்க. ஹாம்சனே இரண்டு முறை அமெரிக்கா போய் வேலை பார்த்துத் திரும்பியவர்தான்.

அதுக்காக 'மண்ணுக்குத் திரும்பு'ங்கிற அவரோட பேச்சை அப்படியே எடுத்துக்க வேண்டாம். பின்னாளில் நாஜிகளை வெளிப்படையா ஆதரிச்சவர். 1920-ல் வாங்கின நோபல் பதக்கத்தை 1943-ல் கோயபெல்ஸுக்கே கொடுத்தார். ஆனா நாவல் அவரைவிட நேர்மையா இருக்கு. பூல்டனோட வறுமையை அது மறைக்கலை, ஆகஸ்டோட கலகலப்பையும் குறைக்கலை.

மாசாமாசம் வீட்டுக்குப் பணம் அனுப்பிட்டு, பொங்கலுக்குப் போனா மூணாம் நாளே பஸ் டிக்கெட் தேடறவங்க நம்மில் நிறைய பேர். பணம் ஒழுங்காப் போய்ச் சேருது. அம்மாகிட்ட பேச என்ன மிச்சம் இருக்குங்கிறதுதான் எடவார்ட் நம்ம முன்னாடி வைக்கிற கேள்வி. படிச்சுப் பாருங்க, உங்களுக்கு யாரைப் பிடிச்சதுன்னு சொல்லுங்க: அண்ணனா, தம்பியா?