பழைய காரின் பெற்றோல் தாங்கியும் மீட்டர் ஊசியும்

மண்சரிவில் காணியையும் மரக்கறிப் பாத்திகளையும் இழந்து, உறவினர் லயத்திலோ தற்காலிகக் கொட்டிலிலோ தங்கியிருக்கும் குடும்பங்கள் சிலவற்றுக்கு மிஞ்சியிருப்பது ஒரு பழைய கார் மட்டுமே. நேற்றுவரை லீக்ஸும் கரட்டும் சந்தைக்கு ஏற்றிய கார். இன்று ஆஸ்பத்திரிக்கும் பாடசாலைக்கும் ஹயர் ஓடி அடுப்பெரிய வைக்கும் கார். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போது வெள்ளத்திலும் சேற்றிலும் நின்ற வண்டிகளை எடுத்து, எஞ்சினைக் கழுவி, ஒயில் மாற்றி, எப்படியோ ஓட வைத்துவிடுகிறோம். பின்னால் டிக்கிக்குக் கீழே இருக்கும் பெற்றோல் தாங்கியை மட்டும் யாரும் கழற்றிப் பார்ப்பதில்லை. சில மாதங்கள் சென்றபின் அது அடியில் கசியத் தொடங்குகிறது. அப்போதுதான் பிளாஸ்டிக் கான் வருகிறது.

தாங்கி ஓட்டையாகிவிட்டால் ஒரு பிளாஸ்டிக் கானை எஞ்சினுக்கு அருகில் கட்டி, அதிலிருந்து குழாய் விட்டு ஓட்டுவது பலருக்குத் தெரிந்த வித்தை. 1990களில் பெற்றோல் தட்டுப்பாட்டின்போது யாழ்ப்பாணத்தில் மொரிஸ் மைனரும் ஒஸ்டினும் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்டார்ட் எடுப்பதற்கு மட்டும் சிறிய போத்தலில் பெற்றோல் வைத்துக்கொண்டார்கள். அது அந்தக் காலத்து நிர்ப்பந்தம். சூடான எஞ்சினுக்கு மேலே நாலைந்து லீற்றர் பெற்றோலைத் தொங்கவிட்டுக்கொண்டு, பிள்ளைகளை ஏற்றி, நானுஓயா ஏற்றத்தில் போவது வேறு விஷயம். கான் ஒரு முறை சரிந்தால் போதும்.

ஆகவே தாங்கியை முறையாக மாற்றுவது பற்றி இங்கே பார்ப்போம். நம் பகுதியில் அதிகமாகக் காணப்படும் மொரிஸ் மைனரை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தில் 1948 முதல் 1971 வரை செய்யப்பட்ட கார் இது. ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் போன்றவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்.

தாங்கி ஏன் அடியிலிருந்து உக்குகிறது? தண்ணீர் பெற்றோலைவிடப் பாரமானது. எவ்வளவு சிறிதளவு உள்ளே போனாலும் அது அடிக்கே இறங்கித் தங்கிவிடும். வெள்ளத்தில் மூழ்கினால்தான் தண்ணீர் போகும் என்றில்லை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பகலில் வெயில், இரவில் கடும் குளிர். அரைத் தாங்கிக்கும் குறைவாகப் பெற்றோல் விட்டு நிறுத்திய காரில், மேலேயுள்ள வெற்றிடத்துக் காற்றின் ஈரம் குளிரில் பனித்துச் சுவரில் துளியாகப் பிடித்து அடியில் சேரும். 2022இல் எரிபொருள் இல்லாமல் வாரக்கணக்கில் வெறுந்தாங்கியோடு நின்ற கார்களுக்கு இது நன்றாக நடந்திருக்கும். வெளிப்புறத்திலோ, தாங்கியின் மேற்பக்கத்துக்கும் டிக்கித் தளத்துக்கும் இடையில் சேறு அடைத்துக்கொண்டு காயாமலே கிடக்கும்.

சோதிப்பது எளிது. அடியிலுள்ள பிளக்கைத் திருகிச் சிறிதளவு பெற்றோலைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்து அரை மணித்தியாலம் ஆடாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனிப் படையாகத் தெரியும். செம்மண்போலத் தூள் படிந்தால் அது துரு. காபரேட்டரை எத்தனை முறை கழுவினாலும் மறுபடி அடைப்பதற்குக் காரணம் அந்தத் தூள்தான். ஊசித் துளை ஒன்றிலிருந்து மட்டும் கசிந்தால், சவர்க்காரத்தைத் தேய்த்து அடைத்துக்கொண்டு கராஜ் வரை போகலாம். அதற்கு மேல் அதை நம்பக்கூடாது. கீழ்த் தையலை ஒட்டி ஸ்குரூடிரைவர் நுனியால் அழுத்தும்போது தகரம் அமுங்கினால் ஒட்டுப்போட்டுப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

இனி எல்லாவற்றிலும் முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பெற்றோல் நீராக இருக்கும்போது எரிவதில்லை. அதன் ஆவி காற்றோடு கலந்துதான் எரிகிறது. நூறு பங்கு காற்றில் ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு ஆவி இருந்தாலே ஒரு தீப்பொறி போதும். நிறைந்த தாங்கியில் ஆவிக்கு இடம் குறைவு. வடித்துவிட்ட வெறுந்தாங்கியில்தான் முழுவதும் ஆவியும் காற்றும். ஆகவே ‘காலிதானே’ என்று அலட்சியமாகத் தூக்கிவைக்கும் தாங்கியே அதிக ஆபத்தானது. நம் ஊர்க் குளிரில் ஆவி எழாது என்று நினைப்பவர்களும் உண்டு. பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை செல்சியஸ் குளிரிலும் பற்றக்கூடிய அளவுக்குப் பெற்றோல் ஆவி விடும்.

அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு பாரமானது. புகைபோல மேலே போகாது, தண்ணீர்போலச் சரிவில் இறங்கும், கானில் ஓடும், பள்ளத்தில் தேங்கும். நம் லயங்கள் படிப்படியாக மலைச்சரிவில் இருப்பவை. மேட்டு லயத்து வாசலில் தாங்கியைக் கழற்றினால், பணிய லயத்தில் அடுப்பூதிக்கொண்டிருக்கும் அம்மாவிடம் ஆவி போய்ச் சேரலாம். அங்கே பிடிக்கும் தீ, வந்த வழியே திரும்பி மேலே வரும். ஆகவே இந்த வேலையை லயங்களுக்கெல்லாம் கீழே, காற்றோட்டமான வெளியில், பகலில் செய்யுங்கள். சிகரெட், பீடி, குப்பி விளக்கு, அடுப்பு எதுவும் கிட்டே வேண்டாம். பிள்ளைகளை அனுப்பிவிடுங்கள். ஒரு வாளி உலர்ந்த மணலைப் பக்கத்தில் வையுங்கள். எரியும் பெற்றோலுக்குத் தண்ணீர் ஊற்றினால் அது தண்ணீரில் மிதந்து பரவும்.

முதலில் பற்றரியின் எர்த் வயரைக் கழற்றுங்கள். மைனரில் எர்த் செய்யப்பட்டிருப்பது பிளஸ் முனை. பழகாதவர்கள் இதிலே தடுமாறுவார்கள். பின்சக்கரங்களை உயர்த்துவதாயின் ஜெக்கை மட்டும் நம்பாமல் மரக்கட்டை அடை கொடுங்கள். பெற்றோலை அடிப் பிளக் வழியாக மூடியுள்ள தகர டின்னில் வடியுங்கள். வாயால் உறிஞ்சி எடுக்கும் பழக்கத்தை விடவேண்டும். ஒரு மடக்கு நெஞ்சுக்குள் போனால் சுவாசப்பை கெட்டுவிடும். கழிவுப் பெற்றோலைக் கானில் ஊற்றாதீர்கள். அந்த ஓடைத் தண்ணீரைக் கீழே உள்ளவர்கள் குடிக்கிறார்கள்.

கழற்றும் வேலை நீண்டதல்ல. பெற்றோல் குழாயின் நட்டு, ஊற்றுவாய் ஹோஸின் கிளிப், மீட்டர் வயர், பிறகு தாங்கியின் விளிம்பைச் சுற்றியுள்ள ஸ்குரூக்கள். சில கார்களில் ஸ்குரூக்களுக்குப் பதிலாக இரண்டு இரும்புப் பட்டிகள் தாங்கும். துருப்பிடித்தவற்றுக்கு முதல் நாளே ஒயில் விட்டு வையுங்கள். கிரைண்டர் வேண்டாம், பொறி பறக்கும். கடைசி ஸ்குரூவைக் கழற்றும்போது இன்னொருவர் கீழே தாங்கிப் பிடிக்கட்டும்.

பழைய தாங்கியை வெல்டிங் கடைக்குக் கொண்டுபோகும் யோசனை பலருக்கு வரும். தண்ணீரால் ஒரு முறை அலசியது போதாது. தையலுக்குள்ளும் துருவுக்குள்ளும் ஊறியிருக்கும் பெற்றோல் சூடு பட்டதும் மீண்டும் ஆவியாகும். அனுபவமுள்ள ரேடியேட்டர் வேலையாளர் அதற்கான முறையில் சுத்தம் செய்து ஈயம் வைப்பார். வீட்டு முற்றத்தில் செய்யும் வேலை அல்ல அது.

மாற்றுத் தாங்கி எங்கே கிடைக்கும்? மைனருக்கு இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். இலங்கைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பாத் நகரில் மைனர்களைத் திருத்தி விற்றுவந்த சார்ல்ஸ் வெயார் என்பவர், 1990களில் ஓர் இலங்கைத் தொழிலதிபருடன் சேர்ந்து நம் நாட்டிலேயே மைனர் உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றை அமைத்தார். இங்கே செய்த தகடுகள் இங்கிலாந்துக்குப் போயின. நல்ல காரை எறியக்கூடாது, திருத்தித் திருத்தி ஓட்டவேண்டும் என்பது அவரது கொள்கை. இறக்குமதித் தடைகளுக்குப் பழகிய நமக்கு அதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 2020 மார்ச் முதல் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் புதுக் கார்கள் வராமலிருந்தபோதும் இந்தக் கிழட்டுக் கார்கள் ஓடின.

நம்மில் பெரும்பாலோர் கொழும்பு பஞ்சிகாவத்தையிலோ ஊர்க் கராஜிலோ பழைய தாங்கியைத்தான் வாங்குவோம். வாங்குமுன் உள்ளே பாருங்கள். கொண்டுவந்ததும் துளைகளை அடைத்து, தண்ணீர் நிரப்பி, உலர்ந்த சீமெந்துத் தரையில் ஓரிரவு வையுங்கள். காலையில் தரை நனைந்திருந்தால் திருப்பிக் கொடுக்கலாம். ரயர் பம்பால் காற்றடித்துச் சோதித்தால் தகரம் வயிறு வீங்கிவிடும். தண்ணீரை வடித்ததும் உடனே வெயிலில் நன்றாகக் காயவைத்து, சிறிது பெற்றோலால் அலசுங்கள். ஒரு நாள் ஈரத்தோடு விட்டாலும் உள்ளே துரு ஏறும். வெளியே ரெட் ஒக்சைட் இரண்டு பூச்சு.

அடுத்தது, மீட்டருக்குச் செய்தி அனுப்பும் ‘டேங்க் யுனிட்’. தாங்கிக்குள் ஒரு மிதவை, அதைப் பிடிக்கும் மெல்லிய கை, மேலே கம்பிச் சுற்று ஒன்று. பெற்றோல் ஏற இறங்க மிதவை ஆடும். அதற்கேற்பக் கம்பிச் சுற்றின் மின்தடை கூடும் குறையும். முன்னாலுள்ள மீட்டர் ஊசி அதைக் காட்டும். தாங்கி உக்கியிருந்தால் இந்த யுனிட்டும் உக்கியிருக்கும். ஆகவே இரண்டையும் ஒன்றாக மாற்றுவது நல்லது. மிதவையைக் காதருகே குலுக்குங்கள். உள்ளே சலசலத்தால் அதில் பெற்றோல் புகுந்துவிட்டது. அதற்கு ஈயம் வைக்கப் போகாதீர்கள், உள்ளேயிருப்பது பெற்றோல்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. யுனிட்களில் இரண்டு வகை உண்டு. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். முந்திய வகைக் கார்களில் சாவியைத் திருப்பியதும் மீட்டர் ஊசி சட்டென்று பாயும். அதற்குரிய யுனிட்டின் மின்தடை தாங்கி காலியாக இருக்கும்போது ஏறக்குறைய பூச்சியம், நிறைந்தால் 70 ஓம் அளவு. பிந்திய வகையில் ஊசி மெதுவாக நகர்ந்து எழும். அதன் யுனிட் நேர்மாறு: காலியில் 200 ஓமுக்கு மேல், நிறைந்தால் 30 ஓம் அளவு.

எனக்கு இது பட்டுத் தெரிந்தது. ‘மொரிஸுக்கு உரியதுதான் ஐயா’ என்று கடையில் தந்த யுனிட்டை முந்திய வகை மீட்டருள்ள காரில் பூட்டினேன். தாங்கியை நிரப்பியபோது ஊசி அரைக்குக் கீழே நின்றது. ஓட ஓட மேலே ஏறியது! சிக்கனமான கார் என்று பெருமைப்பட்டேன். தலவாக்கலைக்கு அப்பால், ஊசி ‘நிறைவு’ என்று காட்டிய இடத்தில், மூன்று மூட்டை லீக்ஸோடு கார் நின்றுவிட்டது. சொட்டுப் பெற்றோல் இல்லை.

எந்த வகை என்று வாங்குமுன்பே அறியலாம். தாங்கியைத் திறக்குமுன், கசிவோ மணமோ இல்லாத நிலையில், யுனிட்டின் வயரைக் கழற்றித் தனியே பிடித்துச் சாவியைப் போடுங்கள். ஊசி ‘நிறைவு’க்குப் போனால் முந்திய வகை. ‘காலி’யிலேயே கிடந்தால் பிந்திய வகை. கசிவு இருந்தால் இதைச் செய்ய வேண்டாம். ஊசி பாய்கிறதா, மெல்ல எழுகிறதா என்று முன்பு கண்டதை நினைவுபடுத்தினாலே போதும்.

பூட்டும்போது பழைய கோர்க் பெக்கிங்கைத் திரும்பப் போடாதீர்கள். புதியதைப் போட்டு ஸ்குரூக்களை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஒரேயடியாக இறுக்கினால் கோர்க் வெடித்து, ஏற்றத்தில் போகும்போது பெற்றோல் டிக்கிக்குள் வழியும். மிதவை எதிலும் தட்டாமல் ஆடுகிறதா என்று பாருங்கள். பெற்றோலுக்குரிய ரப்பர் ஹோஸையே போடுங்கள். தண்ணீர்க் குழாய் சில வாரங்களில் பாகாகிவிடும்.

புதிதாகப் பெயின்ற் பூசிய தாங்கியில் மீட்டர் வேலை செய்யாவிட்டால் பயப்பட வேண்டாம். யுனிட்டின் எர்த் தாங்கியின் தகரம் வழியாகத்தான் காரின் போடிக்குப் போகிறது. பெயின்ற் அதை மறித்துவிடும். அப்போது முந்திய வகை மீட்டர் எப்போதும் ‘நிறைவு’ என்றும், பிந்தியது எப்போதும் ‘காலி’ என்றும் காட்டும். ஒரு ஸ்குரூவின் இடத்தில் பெயின்ற்றைச் சுரண்டிவிட்டால் சரியாகிவிடும்.

மூடியிலுள்ள சிறு காற்றுத்துளையையும் பாருங்கள். அது அடைபட்டால் பெற்றோல் குறையக் குறையத் தாங்கிக்குள் காற்று வெற்றிடமாகி, சில மைல் ஓடியதும் எஞ்சின் இருமி நிற்கும். மூடியைத் திறந்ததும் ‘உஸ்’ என்ற சத்தத்தோடு மறுபடி ஓடும். இதைப் பேய்க் கோளாறு என்று சொல்லி எத்தனை பேர் பம்பை மாற்றியிருக்கிறார்கள்!

எல்லாம் பூட்டியபின் ஐந்து ஐந்து லீற்றராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் ஊசி எங்கே நிற்கிறது என்று சமதரையில் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஏற்றத்திலும் வளைவிலும் ஊசி சொல்வதை நம்ப முடியாது. பிறகு சாவியைப் போட்டுக் காது கொடுங்கள். மைனரின் மின்பம்ப் முதலில் ‘டக் டக் டக்’ என்று வேகமாக அடித்து, காபரேட்டர் நிறைந்ததும் ஓயும். ஓயாமல் அடித்துக்கொண்டேயிருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது அல்லது பெற்றோல் கசிகிறது. சாவியை எடுத்துவிட்டு இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஸ்டார்ட் செய்யுமுன் தாங்கிக்குக் கீழே ஒரு காகிதத்தை விரித்து, ஒரு மணித்தியாலம் சென்று பாருங்கள். காகிதம் உலர்ந்திருந்தால் அடுத்த நாள் ஹயருக்குப் போகலாம்.