‘எனக்கா கொழுப்பு?’: நல்லதண்ணியில் மிச்சமாகும் மாத்திரைகள்

தமிழில் ஒருவரைப் பார்த்து “உனக்குக் கொழுப்பு கூடிப்போச்சு” என்றால் அது வசவு. அதையே டொக்டர் சொன்னால் நோய். கிளினிக் நாளன்று நல்லதண்ணியிலிருந்து மஸ்கெலியாவுக்குப் போகும் பஸ்ஸில் இந்த இரண்டு அர்த்தங்களும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வருகின்றன. “விடியக்காலையில எழும்பி, ரொட்டி சுட்டு வச்சிட்டு, கூடையோட மலையேறி எறங்குறவ நான். எனக்கு எங்கிட்டிருந்து கொழுப்பு?” என்ற கேள்வியில் கோபமும் உண்டு, நியாயமும் உண்டு.

அந்தக் கேள்வி பஸ்ஸிலேயே தங்கிவிடுகிறது. மாத்திரை மட்டும் வீட்டுக்கு வருகிறது. லயத்து அடுப்பங்கரையில் மருந்து வைக்கும் பிஸ்கட் டின்னைத் திறந்தால் பல வீடுகளில் கதை தெரியும். பிரஷர் மாத்திரை தீர்ந்திருக்கும். சீனி வருத்த மாத்திரையில் நாலைந்து மிஞ்சியிருக்கும். கொலஸ்ட்ரோல் மாத்திரை உறை மட்டும் மடிப்புக் கலையாமல் கிடக்கும். தலை சுற்றினால் பிரஷர் நினைவுக்கு வரும். நாக்கு வறண்டால் சீனி நினைவுக்கு வரும். கொலஸ்ட்ரோல் வலிக்காது, எரியாது, மூச்சு வாங்க வைக்காது. முதன்முதலாக அது தன்னைக் காட்டிக்கொள்வதே சில வேளை மாரடைப்பாகத்தான்.

இந்த அவநம்பிக்கையைத் தோட்டத்து அறியாமை என்று ஒதுக்க முடியாது. படித்தவர் மிகுந்த நாடுகளிலும் இந்த மாத்திரையைத் தொடங்கியவர்களில் பெரும் பகுதியினர் ஓரிரு வருடங்களில் நிறுத்திவிடுகிறார்கள். ஆகவே சந்தேகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

மலையேறுகிறவருக்குக் கொலஸ்ட்ரோல் வருமா?

வரும். இரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ரோலில் பெரும்பங்கைச் சமைப்பது நம் ஈரல்தான். சாப்பாட்டிலிருந்து வருவது மிச்சம். எல்.டி.எல். எனும் ‘கெட்ட’ கொலஸ்ட்ரோலை இரத்தத்திலிருந்து இழுத்தெடுக்க ஈரலின் செல்களில் வாசல்கள் உண்டு. இதைக் கண்டுபிடித்த அமெரிக்க ஆய்வாளர்கள் மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும் 1985இல் நோபல் பரிசு பெற்றார்கள். இந்த வாசல்கள் பிறப்பிலேயே குறைவாக அமைந்த குடும்பங்கள் இருக்கின்றன. அங்கே ஒல்லியானவருக்கும் எல்.டி.எல். ஏறும், கொழுந்து கிள்ளுகிறவருக்கும் ஏறும்.

மலையேறுவது வீண் என்று இதற்குப் பொருளில்லை. பிரஷருக்கும் சீனிக்கும் இதயத்துக்கும் அது நல்லது. எல்.டி.எல்.லை மட்டும் அவ்வளவாக இறக்காது.

அடுத்தது தேங்காய். “தேங்காயில் கொலஸ்ட்ரோல் இல்லை” என்பது உண்மை; தாவரங்களில் அது இல்லையென்றே சொல்லலாம். ஆனால் தேங்காயெண்ணெயில் மிகுந்திருக்கும் நிறைவுற்ற கொழுப்பு, ஈரலின் அந்த வாசல்களைக் குறைக்கிறது. 16 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2020இல் வெளியான தொகுப்பில், மற்றத் தாவர எண்ணெய்களைவிடத் தேங்காயெண்ணெய் எல்.டி.எல்.லை டெசிலீற்றருக்குச் சுமார் 10 மில்லிகிராம் கூட்டியது. ரொட்டிக்குச் சம்பல் அரைப்பதை நிறுத்தச் சொல்லும் கணக்கல்ல இது. எண்ணெய்ப் போத்தலைச் சரிக்கும்போது நினைவில் வைக்கும் கணக்கு.

பூஞ்சணத்திலிருந்து வந்த மருந்து

கிளினிக்கில் கொடுக்கும் அட்டோவாஸ்டட்டின், சிம்வாஸ்டட்டின் போன்றவை ‘ஸ்டட்டின்’ குடும்பத்தைச் சேர்ந்தவை. ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ 1971இல் தேடத் தொடங்கி, 6,000க்கும் மேற்பட்ட நுண்ணுயிர்களைச் சோதித்தார். 1973இல், அரிசியில் பிடித்திருந்த நீலப்பச்சைப் பூஞ்சணம் ஒன்றில் ஈரலின் கொலஸ்ட்ரோல் தயாரிப்பைத் தடுக்கும் பொருளைக் கண்டார். இந்த வகையின் முதல் மருந்து 1987இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது.

பலன் எவ்வளவு? மாரடைப்போ நெஞ்சுவலியோ வந்திருந்த 4,444 பேரை ஸ்கண்டினேவிய நாடுகளில் ஐந்து வருடத்துக்கு மேல் கவனித்த ஆய்வு 1994இல் வெளியானது. பாதிப் பேருக்குச் சிம்வாஸ்டட்டின், பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 256 பேர் இறந்தார்கள். மருந்து எடுத்தவர்களில் 182 பேர். ஒருமுறை மாரடைப்பு வந்தவர், நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தவர், பாரிசவாதம் கண்டவர் தாமாக இந்த மருந்தை நிறுத்தக்கூடாது என்பது இதனால்தான்.

இதுவரை எந்த வருத்தமும் வராதவருக்குக் கணக்கு வேறு. 2013இல் வெளியான கொக்ரேன் தொகுப்பாய்வின்படி, அத்தகைய 1,000 பேர் ஐந்து வருடம் மாத்திரை எடுத்தால் 18 பேருக்குப் பெரிய இதய, இரத்தக்குழாய் நோய் தவிர்க்கப்படும். மற்றவர்களுக்கு அந்த ஐந்து வருடத்தில் வித்தியாசம் தெரியாது. “எனக்குத் தேவையா?” என்று இவர்கள் கேட்பது முறையான கேள்வி. பதில் கொலஸ்ட்ரோல் எண்ணில் மட்டும் இல்லை. வயது, பிரஷர், சீனி, புகைபிடித்தல் எல்லாவற்றையும் சேர்த்துப் பத்து வருட ஆபத்தைச் சொல்லும் உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணை இருக்கிறது. பச்சைக் கட்டத்தில் விழுந்தால் ஆபத்து நூற்றுக்கு 5க்கும் குறைவு. சிவப்பில் 20க்கு மேல். ஒரே கொலஸ்ட்ரோல் எண் உள்ள இரண்டு பேர் வேறு வேறு நிறத்தில் விழலாம். நாற்பது தாண்டிய சீனி வருத்தக்காரருக்குப் பெரும்பாலும் மருந்து தேவைப்படும்.

கால் கடுப்பும் மாத்திரையும்

தோட்டத்தில் அதிகம் கேட்கும் முறைப்பாடு இதுதான்: “மாத்திரை போட்டதிலேருந்து தொடையெல்லாம் கடுப்பு.” தசைவலி ஸ்டட்டின் உண்மையாகவே தரக்கூடிய பக்கவிளைவு. இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த செரிவாஸ்டட்டின், தசைச் சிதைவால் மரணங்கள் நேர்ந்ததால் 2001இல் உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

ஆனால் இன்றைய மருந்துகளில் அது எவ்வளவு? சுமார் 1,24,000 பேரை உள்ளடக்கிய 19 ஆய்வுகளின் தொகுப்பு 2022இல் வந்தது. தசைவலி சொன்னவர்கள், மருந்து எடுத்தவர்களில் 27.1 வீதம், வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 26.6 வீதம். வலி பொய்யில்லை, காரணம்தான் பெரும்பாலும் வேறு. 2020இல் இங்கிலாந்தில் நடந்த ஆய்வு இன்னும் விசித்திரம். பக்கவிளைவால் ஸ்டட்டினைக் கைவிட்ட 60 பேருக்குச் சில மாதம் மருந்து, சில மாதம் வெறும் மாத்திரை, சில மாதம் எதுவுமில்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். மருந்தில் கண்ட தொல்லையில் பத்தில் ஒன்பது பங்கு வெறும் மாத்திரையிலும் இருந்தது. முடிவைக் காட்டியபின் பாதிப் பேர் மருந்துக்குத் திரும்பினார்கள்.

இதை நம் மலைக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். சீசன் காலத்தில் சிவனொளிபாத மலையின் 5,500 படிகளையும் ஏறி இறங்கியவருக்குக் கெண்டைக்கால் இரண்டு நாள் கடுக்கும். சரிவில் கூடையோடு நிற்பவருக்கு இடுப்பு வருடம் முழுவதும் வலிக்கும். மாத்திரையால் வரும் வலி பொதுவாக இரண்டு தொடையிலும் அல்லது இரண்டு தோளிலும் சேர்ந்து, மருந்து தொடங்கிய அல்லது கூட்டிய சில வாரங்களுக்குள் வரும். அப்படியானால் டொக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். தாங்க முடியாத வலியோடு சிறுநீர் சாயத்தண்ணி நிறத்தில் போனால் அடுத்த கிளினிக்வரை காத்திருக்கக் கூடாது, அன்றே ஆஸ்பத்திரி.

“சீனி வருத்தம் வருமாமே?” சிறிதளவு உண்மை. 255 பேர் நான்கு வருடம் எடுத்தால் ஒருவருக்குக் கூடுதலாக வரலாம் என்று 2010இல் வெளியான தொகுப்பாய்வு கணக்கிட்டது. ஆபத்து அதிகமுள்ளவருக்கு இதயம் காக்கப்படும் இலாபம் இதைவிடப் பெரிது. கர்ப்பிணிகளும், கர்ப்பம் தரிக்க எண்ணுகிறவர்களும் மட்டும் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

வட்ட மாத்திரை நீள மாத்திரை ஆனது ஏன்?

“போன மாசம் வட்டமா இருந்துச்சு, இந்த மாசம் நீளமா இருக்கு. மாத்திக் குடுத்துட்டாங்க” என்பது இன்னொரு சந்தேகம். பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியில் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானதிலிருந்து, இலங்கை அரசு மருந்தை வணிகப் பெயரால் அல்லாமல் மூலப்பெயரால் கேள்விப்பத்திரம் கோரி மொத்தமாக வாங்குகிறது. இந்தமுறை ஒரு கம்பனி, அடுத்தமுறை வேறொன்று. வடிவம் மாறும், உள்ளே இருப்பது அதே மருந்து. கிளினிக்கில் காசு வாங்காமல் கொடுக்க முடிவதற்கும் இந்த ஏற்பாடு ஒரு காரணம். இதைக் கவுண்டரில் ஒரு வாக்கியத்தில், தமிழில் சொல்லியிருந்தால் எத்தனையோ உறைகள் பிரிக்கப்பட்டிருக்கும்.

சந்தேகத்துக்கு ஆழமான வேர்களும் உண்டு. 2023இல் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையில் கண்புரை சத்திரசிகிச்சை செய்துகொண்ட சிலருக்குக் கண்ணில் விட்ட மருந்தால் பார்வை பாதிக்கப்பட்ட செய்தி இந்த மாவட்டம் முழுக்கப் பேசப்பட்டது. இன்னும் பின்னால் போனால், 1916இல் ரொக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைப் பக்கத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினார்கள். மருந்தும் பேதிக்கும் கொடுத்தார்கள், புழு வெளியேறியது. போதிய மலசலகூடம் கட்டிக்கொடுக்கத் தோட்ட நிர்வாகங்கள் முன்வரவில்லை. வெறுங்காலோடு அதே மண்ணில் நடந்தவர்களிடம் புழு திரும்பி வந்தது. மருந்தை மட்டும் கொடுத்து வாழ்க்கையை அப்படியே விட்டால் என்ன ஆகும் என்பதை இந்தச் சமூகம் தன் உடம்பிலேயே பார்த்திருக்கிறது.

சொல்லாமல் நிறுத்துவதன் ஆபத்து

டொக்டரை நம்பாததைவிட, நம்பாததைச் சொல்லாமல் இருப்பதே கூடுதல் ஆபத்து. வரிசையோ நீளம். பாஷையோ பாதிதான் புரியும். ஐயா ஏசுவாரோ என்ற பயம் வேறு. “மாத்திரை போடுறீங்களா?” என்றால் தலையாட்டல். இரத்தப் பரிசோதனையில் எல்.டி.எல். இறங்கியிருக்காது. மருந்து போதவில்லை என்று நினைக்கும் டொக்டர் 20 மில்லிகிராமை 40 ஆக்குவார். பிஸ்கட் டின்னில் இப்போது பெரிய மாத்திரை மிச்சமாகும். யாராவது பயமுறுத்திய ஒரு நாளில் திடீரென விழுங்கத் தொடங்கினால், முதல் மாத்திரையே தேவைக்கு மேற்பட்ட அளவில் உள்ளே போகும்.

அடுத்த கிளினிக்குக்கு உறையையும் கையோடு கொண்டு போங்கள். என் ஆபத்து எந்த நிறக் கட்டத்தில், மாத்திரை இல்லாமல் மூன்று மாதம் முயன்று பார்க்கலாமா, வலி வந்தால் என்ன செய்வது என்ற மூன்றையும் கேளுங்கள். டொக்டர்மாரும் “போடுறீங்களா?” என்று கேட்பதை விட்டு, “எத்தனை மிச்சம் இருக்கு?” என்று கேட்டுப் பார்க்கலாம். அதற்குத் தலையாட்ட முடியாது; எண்ணித்தான் சொல்ல வேண்டும். “இருபத்திரண்டு இருக்குங்கய்யா, எனக்குப் பயமா இருந்துச்சு” என்ற பதில் வந்தால், சிகிச்சை அங்கேதான் தொடங்குகிறது.