சுட்ட கல் பொய்க் கல்லா?

2019ஆம் ஆண்டு வன்னியில் ஒரு மாதர் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் எழும்பிப் போன பிறகு, ஓர் அக்கா மட்டும் பின்னுக்கு நின்றார். சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்து ஒரு மோதிரத்தைக் காட்டினார். 1980களில் அவரின் தாயார் வாங்கியது. நடுவில் ஒரு நீலக்கல். இடப்பெயர்வு, முகாம் எல்லாவற்றையும் தாண்டி மிஞ்சிய ஒரே நகை. மகளின் படிப்புச் செலவுக்காக நகரத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோயிருக்கிறார். "இது சுட்ட கல்லு, பெறுமதியில்லை. பவுணுக்கு மட்டும் காசு தரலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

"பிள்ளை, சுட்ட கல்லெண்டால் பொய்க் கல்லோ?" என்று கேட்டார். சமூகவியல் படித்த எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு விசாரித்தும் வாசித்தும் அறிந்ததை எமது சகோதரிகளுக்காக எழுதுகிறேன்.

சுட்ட கல் பொய்க் கல் அல்ல. மாணிக்கமும் நீலமும் குருந்தம் என்ற ஒரே கனிமம். (ஆங்கிலத்தில் கொரண்டம் என்று சொல்வதும் எமது சொல்லிலிருந்து போனதுதான்.) அதில் குரோமியம் சேர்ந்தால் சிவப்பு, இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்தால் நீலம். இரத்தினபுரிப் பக்கத்தில் 'கெவுட' எனப்படும் பால்நிறக் கற்கள் ஒரு காலத்தில் மதிப்பில்லாமல் கிடந்தன. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் அவற்றை மலிவாக வாங்கிச் சென்று, 1500 பாகை செல்சியசுக்கு மேல் உலையில் சுட்டு, நல்ல நீலமாக்கி விற்றார்கள். எங்கள் மண்ணின் கல், இலாபம் வேறெங்கோ! பின்னர் இலங்கையிலும் அந்தத் தொழில் பரவியது. இன்று சந்தைக்கு வரும் நீலம், மாணிக்கங்களில் பெரும்பாலானவை சுட்டவையே. சுடாத நல்ல கல்லுக்கு விலை மிக அதிகம் என்பது உண்மை. அதற்காகச் சுட்டது குப்பையாகிவிடாது.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? சுடாத கல்லை லென்சில் பார்த்தால், பட்டு நூல்போல மெல்லிய ஊசிகள் முழுதாகத் தெரிவதுண்டு. கடும் வெப்பத்தில் அவை கரைந்து, புள்ளி வைத்த கோடுபோலத் துண்டுதுண்டாகிவிடும். உள்ளே அகப்பட்ட சிறு பளிங்குகள் வீங்கி, தம்மைச் சுற்றித் தட்டுப்போல வெடிப்பை உண்டாக்கும். சில சுட்ட நீலக்கற்கள் புறஊதா ஒளியில் சுண்ணாம்புபோல மங்கலாக ஒளிரும். குறைந்த வெப்பத்தில் சுட்டதை நுணுக்குக்காட்டியாலும் பிடிப்பது கடினம். அதற்கு ஆய்வுகூடக் கருவி வேண்டும். அந்த அக்காவின் கடைக்காரர் லென்சைக்கூட எடுக்கவில்லை.

உண்மையில் பயப்பட வேண்டியவை வேறு. வெடித்த மாணிக்கத்தினுள் ஈயக் கண்ணாடியை உருக்கி நிரப்பிய கற்கள் 2004 அளவிலிருந்து சந்தையில் உலாவுகின்றன. தேசிக்காய்ப் புளி பட்டாலே அவை பழுதாகலாம். பத்தரின் ஊதுகுழல் நெருப்புப் பட்டால் சொல்லத் தேவையில்லை. முழுக்க முழுக்கச் செயற்கையாகச் செய்த கற்களும் 1900களின் தொடக்கத்திலிருந்தே உண்டு. வளைந்த கோடுகளும் காற்றுக் குமிழிகளும் அவற்றின் அடையாளம். ஆகவே வீட்டிலுள்ள சிவப்புக் கல்லெல்லாம் மாணிக்கம் என்றும் நம்பிவிட வேண்டாம்.

கல்லை நெருப்பில் காட்டிச் சோதிக்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம். நகையைக் கடையில் விட்டுவிட்டு வருவதானால், நிறையும் கல்லின் விபரமும் எழுதிய பற்றுச்சீட்டை வாங்குங்கள். முதலே போட்டோ எடுத்து வையுங்கள். கொழும்பில் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையில் கல்லைப் பரிசோதிக்கலாம். கட்டணம் உண்டு. ஆதலால் தொலைபேசியில் விசாரித்துவிட்டுப் போவது நல்லது. சின்னக் கல்லானால் பயணச் செலவுக்கும் காணாது போகலாம், அதையும் யோசியுங்கள்.

அக்காவின் கல்லுக்குப் பரிசோதனைச் சான்றிதழ் கிடைத்தது: இயற்கையான நீலக்கல், சூடாக்கிய அடையாளம் உண்டு. மூன்று இடத்தில் விலை கேட்டு, முதல் கடை சொன்னதிலும் கூடுதலான தொகைக்கு விற்றார். பெரிய பணம் என்று சொல்லமாட்டேன். மகளின் முதல் வருடக் கட்டணத்துக்குப் போதுமாயிருந்தது. கொடுக்கும்போது சான்றிதழின் போட்டோப் பிரதியொன்றை மட்டும் எடுத்துக்கொண்டார். "அம்மான்ரை கல்லு பொய்யில்லை எண்டு எழுதிக் கிடக்குதெல்லே" என்றார்.