தானாக மாறும் கியர்

பெட்ரோலோ டீசலோ எரித்து ஓடும் கார் என்ஜினுக்குப் பிறவியிலேயே ஒரு குறை உண்டு. நிமிடத்துக்கு 700, 800 சுற்றுக்குக் கீழே இறங்கினால் அது அணைந்துவிடும். நல்ல இழுவிசை கிடைப்பதும் ஒரு குறிப்பிட்ட சுற்று எல்லைக்குள்தான். சக்கரத்தின் தேவையோ வேறு. புறப்படும் நொடியில் அது அசையாமல் நிற்கிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 900 முறை சுழல்கிறது. இந்த இரண்டையும் இணக்கமாக ஓட வைப்பதுதான் கியர்பாக்ஸின் வேலை. ஒரு சிறிய காரில், முதல் கியரில் என்ஜின் சுமார் 14 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். இழுவை அதிகம், வேகம் குறைவு. ஐந்தாம் கியரில் என்ஜினின் மூன்று சுற்றுக்குச் சக்கரம் ஒரு சுற்று. வேகம் அதிகம், இழுவை குறைவு.

கியர் மாற்றும் நேரத்தில் என்ஜினைச் சக்கரத்திலிருந்து பிரித்து, மாற்றியதும் மெல்லச் சேர்த்துவிட ஒரு கருவி வேண்டும். அதுதான் கிளட்ச். இடது கால் கிளட்சை மிதிக்க, வலது கால் ஆக்சிலேட்டரை விட, இடது கை கியரைத் தள்ள, மூன்றும் ஒத்துப்போனால் வண்டி குலுங்காது. இந்த மூன்று வேலைகளையும் ஓட்டுநரிடமிருந்து இயந்திரம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற முயற்சியின் விளைவே தானியங்கி கியர்பாக்ஸ்.

கப்பலுக்காக வந்த யோசனை

தூத்துக்குடி திரேஸ்புரத்திலிருந்து வலை போடவும் சங்கு குளிக்கவும் போகும் நாட்டுப்படகுகளிலும் டீசல் என்ஜின் ஓடுகிறது. ஆனால் படகுக்கு ஐந்து கியர் தேவைப்படுவதில்லை. கியர்பெட்டி வைத்த படகிலும் முன்னே, நியூட்ரல், பின்னே என்ற மூன்று நிலைகளே போதும். காரணம் தண்ணீர். புரொப்பெல்லர் மெதுவாகச் சுற்றும்போது தண்ணீர் வழுக்கி விட்டுக்கொடுக்கிறது. என்ஜினுக்குப் பாரம் தெரிவதில்லை. சுற்று கூடக் கூடத்தான் தண்ணீரின் எதிர்ப்பும் கூடுகிறது. தார்ச்சாலை இப்படி விட்டுக்கொடுக்காது. அதனால்தான் தரையில் ஓடும் வண்டிக்கு, என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே வழுக்கல் தரும் ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது. அந்த வழுக்கலைத் திரவத்திடமே வாங்கலாம் என்ற எண்ணமும் கப்பல் கட்டும் தளத்தில்தான் பிறந்தது.

ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபெட்டிங்கர் ஷ்டெட்டின் நகரின் வல்கன் கப்பல் தளத்தில் வேலை பார்த்தவர். அப்போது கப்பல்களுக்கு நீராவி டர்பைன் வந்துகொண்டிருந்தது. டர்பைன் அதிவேகத்தில் சுற்றினால்தான் நன்றாக உழைக்கும். புரொப்பெல்லரோ மெதுவாகச் சுற்றினால்தான் தண்ணீரை நன்றாகத் தள்ளும். ஃபெட்டிங்கர் ஒரே கூட்டுக்குள் இரண்டு இறகுச் சக்கரங்களை எதிரெதிரே வைத்தார். டர்பைனோடு சேர்ந்த சக்கரம் திரவத்தை வீசியடிக்கும். அந்த வீச்சில் புரொப்பெல்லரோடு சேர்ந்த சக்கரம் சுழலும். இரும்பும் இரும்பும் தொடாமலே விசை கடந்துபோனது. 1905-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். கப்பல்களில் பிற்பாடு பல்சக்கரங்களே வென்றன. திரவ இணைப்போ கரையேறி, 1930-களில் இங்கிலாந்தின் பேருந்துகளிலும் டைம்லர் கார்களிலும் நுழைந்தது.

இரண்டு இறகுச் சக்கரங்கள் மட்டும் இருந்தால் விசை கடக்கும், பெருகாது. நடுவில் ஸ்டேட்டர் என்ற மூன்றாவது இறகுச் சக்கரம் சேர்ந்தால் கதை மாறுகிறது. இரண்டாவது சக்கரத்தில் மோதித் திரும்பும் எண்ணெயின் போக்கை ஸ்டேட்டர் வளைத்து, முதல் சக்கரத்துக்கு உதவும் திசையில் அனுப்புகிறது. புறப்படும்போது இழுவிசை ஏறத்தாழ இரு மடங்காகிறது. வேகம் கூடி இரண்டு சக்கரங்களும் ஒரே கதியில் சுழலும்போது, ஒரு பக்கம் மட்டும் சுழலும் பூட்டு விடுபட்டு ஸ்டேட்டரும் கூடவே சுழலத் தொடங்கும். டார்க் கன்வெர்ட்டர் என்பது இதுதான். ஆட்டோமேட்டிக் காரில் பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் ஆக்சிலேட்டரைத் தொடாமலே வண்டி மெல்ல நகர்வது இதனால்தான்.

ஹைட்ரா-மேட்டிக்

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் ஏர்ல் தாம்ஸன் தலைமையிலான குழு உருவாக்கிய ஹைட்ரா-மேட்டிக், 1939-ல் அறிவிக்கப்பட்டு 1940-ஆம் ஆண்டின் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் விற்பனைக்கு வந்தது. கியர்கள் கடகடக்காமல் பொருந்த உதவும் சின்க்ரோமெஷ் அமைப்பை அதற்கு முன்பே உருவாக்கியவரும் இதே தாம்ஸன்தான். ஹைட்ரா-மேட்டிக்குக்கு முன்னோக்கி நான்கு கியர்கள். கூடுதல் விலை 57 டாலர். பெருந்திரளாக உற்பத்தியான முதல் முழுத் தானியங்கி கியர்பாக்ஸ் அது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க டாங்கிகளிலும் ஓடித் தன் உறுதியைக் காட்டியது.

அதன் உள்ளே இருந்தவை கோள் கியர்கள். நடுவில் ஒரு பல்சக்கரம், அதைச் சுற்றி உருளும் சிறு பல்சக்கரங்கள், வெளியே உட்புறம் பல்வெட்டிய ஒரு வளையம். இந்த மூன்றில் எதை அசையாமல் பிடிக்கிறோம், எதைச் சுழற்றுகிறோம், எதிலிருந்து விசையை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரே தொகுதியில் வேகத்தைக் குறைக்கலாம், கூட்டலாம், திசையையே திருப்பலாம். பற்கள் எப்போதும் பிணைந்தே இருக்கும். கியர் மாற்ற எதையும் நகர்த்த வேண்டாம். பட்டைகளும் தகட்டுக் கிளட்சுகளும் ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடித்தால் போதும். 1908-ல் வந்த ஃபோர்டு மாடல்-டி காரிலும் கோள் கியர்தான் இருந்தது. ஆனால் அதைப் பெடல் மிதித்து ஓட்டுநரே மாற்ற வேண்டியிருந்தது.

எப்போது மாற்றுவது என்ற முடிவைக் கணினி இல்லாத அந்தக் காலத்தில் எண்ணெய் அழுத்தமே எடுத்தது. வண்டியின் வேகம் கூடக் கூட ஓர் எண்ணெய்க் குழாயில் அழுத்தம் ஏறும். ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்த இன்னொன்றில் அழுத்தம் ஏறும். இரண்டும் ஒரு சிறிய வால்வின் இருபுறமும் தள்ளும். வேகத்தின் பக்கம் வென்றால் வால்வு நகர்ந்து அடுத்த கியருக்கு வழிவிடும். ஆக்சிலேட்டரின் பக்கம் வென்றால் கீழ் கியரிலேயே நிற்கும், அல்லது இறங்கும். மேடு ஏறும்போதோ முந்தும்போதோ காலை ஓங்கி மிதித்தால் வண்டி ஒரு கியர் இறங்கிச் சீறுவதன் காரணம் இதுவே. புழு அரித்த தடம் போல வாய்க்கால் வெட்டிய வால்வுப் பெட்டியின் இந்தக் கணக்கை இன்று மின்வால்வுகளும் கணினியும் போடுகின்றன. கேள்வி மட்டும் மாறவில்லை: வண்டி எவ்வளவு வேகத்தில் போகிறது, ஓட்டுநர் எவ்வளவு கேட்கிறார்?

டார்க் கன்வெர்ட்டரைக் கார்களில் பெரிய அளவில் கொண்டுவந்தது 1948-ன் பியூக் டைனாஃப்ளோ. ஓட்டம் வழுவழுப்பாக இருந்தது. ஆனால் எண்ணெயை அலசுவதிலேயே விசையின் ஒரு பகுதி சூடாக வீணானது. வேகம் பிடித்தபின் இறகுச் சக்கரங்கள் இரண்டையும் ஒரு கிளட்சால் பூட்டிவிடும் ஏற்பாடு 1949-ல் பாக்கார்ட் காரில் வந்தது. 1970-களில் எரிபொருள் நெருக்கடி வந்தபின் அது பரவலானது. கியர்களின் எண்ணிக்கையும் கூடிக்கொண்டே போனது. ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம் 2009-ல் எட்டு கியர் பெட்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

வேறு இரண்டு வழிகள்

நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் 1958-ல் காட்டிய காரில் மாற்றுவதற்குக் கியர்களே இல்லை. கூம்புக் கப்பிகள், அவற்றின் நடுவே ரப்பர் பெல்ட், அவ்வளவுதான். கப்பியின் இரு பாதிகளும் நெருங்கினால் பெல்ட் மேலேறும், விலகினால் உள்ளிறங்கும். படிப்படியாக மாறாமல் விகிதம் ஒரே இழைவாக மாறும். சி.வி.டி. என்பது இந்த வகை. பிற்பாடு ரப்பரின் இடத்தில் எஃகுப் பெல்ட்டும் சங்கிலியும் வந்தன. குலுக்கல் துளியும் இல்லை. ஆனால் வேகமாக மிதித்தால் என்ஜின் முதலில் கத்தும், வண்டி சற்றுப் பின்தங்கி வேகம் பிடிக்கும். இது சிலருக்குப் பிடிப்பதில்லை.

இன்னொரு வழி, சாதாரணக் கியர்பாக்ஸையே இரண்டாகப் பிரிப்பது. 1, 3, 5 ஒரு கிளட்சில். 2, 4, 6 இன்னொரு கிளட்சில். மூன்றில் ஓடும்போதே நான்கு பொருந்திக் காத்திருக்கும். ஒரு கிளட்ச் விட மறு கிளட்ச் பிடிக்க, மாற்றம் இமைப்பொழுதில் முடியும். பிரான்ஸின் அடோல்ஃப் கெக்ரெஸ் 1939-லேயே இதற்கு வடிவம் கொடுத்தார். 1980-களில் போர்ஷே பந்தயக் கார்களில் ஓடியது. 2003-ல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் காரில் கடைக்கு வந்தது. டி.சி.டி. எனப்படும் இந்த வகைக்கு நெரிசல்தான் சோதனை. நத்தை வேகத்தில் நகரும்போது கிளட்ச் தகடுகள் பாதி பிடித்தும் பாதி விட்டும் தேய்ந்து சூடாகும். எண்ணெயில் மூழ்கிய தகடுகள் இந்தச் சூட்டைத் தாங்கும். உலர் தகடுகளுக்கு அது சிரமம்.

இந்தியச் சாலையில்

அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய காலத்தில் ஸ்டியரிங் தண்டின் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த கியர்தான் இந்தியாவுக்குத் தெரிந்த கியர். தானியங்கி கார்கள் வந்தபின்னும் பல ஆண்டுகள் அவை பணக்காரர் பொருளாகவே இருந்தன. கூடுதல் விலை ஒரு தடை. ‘மைலேஜ் எவ்வளவு குடுக்கும்?’ என்று கேட்டுவிட்டே கார் வாங்கும் நாட்டில், எரிபொருளைக் கூடுதலாகக் குடிக்கும் பெட்டி என்ற பெயர் அதைவிடப் பெரிய தடை.

இதை உடைத்தது 2014 பிப்ரவரியில் மாருதி சுசூகி வெளியிட்ட செலெரியோ. அதில் டார்க் கன்வெர்ட்டரும் இல்லை, கப்பியும் இல்லை. வழக்கமான ஐந்து கியர் மேனுவல் பெட்டியின் மேல், இத்தாலியின் மாக்னெட்டி மரெல்லி தொழில்நுட்பத்தில் ஓர் இயந்திரக் கை பொருத்தப்பட்டது. என்ஜினின் வேகத்தைக் கணினி குறைக்க, எண்ணெய் அழுத்தம் கிளட்சை மிதிக்க, கை கியரை மாற்றும். உள்ளே மேனுவல் பெட்டியே இருந்ததால், ஒரு லிட்டருக்கு 23.1 கிலோமீட்டர் என்று அறிவிக்கப்பட்ட மைலேஜ் இரு வகைக்கும் ஒன்றே. ஏ.எம்.டி. எனப்படும் இந்த வகை விரைவில் சிறிய கார்களில் பரவியது. குறையும் உண்டு: கியர் மாறும் இடைவெளியில் இழுவை ஒரு கணம் அறுந்து, உட்கார்ந்திருப்பவர்களின் தலை லேசாக முன்னே ஆடும். பழகியவர்கள் அந்தக் கணத்தில் ஆக்சிலேட்டரைச் சற்றுத் தளர்த்திக் குலுக்கலைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

எல்லா வகைகளும் ஒரே கூரையின் கீழ் சேரும் இடமாக, ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் தயாரித்துவரும் ஹூண்டாய் ஆலையைச் சொல்லலாம். 2020-ல் வந்த கிரெட்டாவை எடுத்துக்கொண்டால், சாதாரண பெட்ரோல் என்ஜினுக்குச் சி.வி.டி. வகை, டீசலுக்கு ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர், டர்போ பெட்ரோலுக்கு ஏழு கியர் டி.சி.டி. என மூன்றும் ஒரே காரில் கிடைத்தன. சிறிய கார்களுக்கு ஏ.எம்.டி. அதே ஆண்டு வென்யூ காரில் இன்னொரு நடுவழியும் வந்தது: கியரை ஓட்டுநர் மாற்றுவார், கிளட்ச் பெடல் மட்டும் இருக்காது. எந்த வகையும் மற்றதை முற்றிலும் விரட்டிவிடவில்லை. டீசலின் பெரிய இழுவிசைக்கு டார்க் கன்வெர்ட்டரின் தாங்குதிறன், நகர நெரிசலுக்குச் சி.வி.டி.யின் வழுவழுப்பு, வேகப் பிரியர்களுக்கு டி.சி.டி., சிக்கனத்துக்கு ஏ.எம்.டி. என்று வேலை பிரிந்திருக்கிறது.

வகை தெரிந்தால் ஓட்டும் முறையும் தெரியும். டார்க் கன்வெர்ட்டர் காரிலும் சி.வி.டி. காரிலும் ‘பி’ என்ற நிலை இருக்கும். அதில் ஓர் இரும்புக் கொக்கி பல்சக்கரத்தில் விழுந்து வண்டியைப் பூட்டும். சரிவில் முழுப் பாரத்தையும் அந்தக் கொக்கியின் மேல் ஏற்றாமல் முதலில் கைபிரேக்கைப் போடுவது நல்லது. நம் ஊர் ஏ.எம்.டி. கார்கள் பெரும்பாலானவற்றில் ‘பி’ கிடையாது. கைபிரேக்கைப் போட்டு, கியரில் விட்டே நிறுத்த வேண்டும். கொடைக்கானல் போன்ற மலைப்பாதையின் ஏற்றத்தில் வண்டி பின்னே உருளாமலிருக்க ஆக்சிலேட்டரை மட்டும் அழுத்திப் பிடித்து நிற்பது ஏ.எம்.டி.க்கும் உலர் தகட்டு டி.சி.டி.க்கும் ஆகாது. கிளட்ச் தகடு கருகிப்போகும். இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது எந்த வகைக்கும் கூடாது; என்ஜின் தரும் தடை போய், பிரேக் மட்டுமே சூடேறும்.

கியரே வேண்டாத கார்

இத்தனை ஏற்பாடும் என்ஜினின் அந்தப் பிறவிக் குறைக்காகத்தான். மின்மோட்டாருக்கு அந்தக் குறை இல்லை. நின்ற நிலையிலேயே அது முழு இழுவிசையைத் தரும். நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேலும் ஓடும். அணைந்துபோகும் பேச்சே இல்லை. அதனால் பெரும்பாலான மின்கார்களுக்கு வேகத்தைக் குறைக்கும் ஒரே ஒரு நிலையான பல்சக்கரத் தொகுதி போதும். பின்னே செல்லவும் தனிக் கியர் வேண்டாம். மோட்டார் எதிர்த்திசையில் சுழலும்.

வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் தூத்துக்குடி சிப்காட் தொழிற்பூங்காவில் சுமார் 400 ஏக்கரில் அமைத்த ஆலை 2025 ஆகஸ்ட் 4-ஆம் தேதி திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 50,000 கார்கள் என்பது தொடக்கக் கொள்ளளவு. அங்கே தயாராகும் வி.எஃப்.6, வி.எஃப்.7 இரண்டும் மின்கார்கள். அவற்றில் கிளட்சும் இல்லை, மாற்றுவதற்குக் கியரும் இல்லை. என்றாலும் பல்சக்கரங்கள் முழுவதுமாக ஓய்வு பெற்றுவிடவில்லை. அதிவேகத்தில் மின்சாரத்தைச் சிக்கனப்படுத்த, போர்ஷே டைக்கான் காரின் பின்னச்சில் இரண்டு கியர் வைத்திருக்கிறார்கள். டொயோட்டாவின் ஹைப்ரிட் கார்களில் என்ஜினையும் மோட்டாரையும் இணைப்பது, ஹைட்ரா-மேட்டிக்கில் இருந்த அதே கோள் கியர் தத்துவம். எரிபொருள் என்ஜின் சாலையில் இருக்கும்வரை டார்க் கன்வெர்ட்டர் முதல் ஏ.எம்.டி. வரையிலான நான்கு வகைகளும் இருக்கும். மின்கார் பெருகப் பெருக, தானியங்கியா மேனுவலா என்று கார் வாங்குபவர் யோசிக்க வேண்டிய அவசியம்தான் குறைந்துகொண்டே வரும்.